இறந்தவன் யாருமில்லையா?

மலர்ந்த முகமில்லாதவன் கடை திறக்கலாகாது என்பது சீன வணிகரிடையே வழங்கும் பழமொழி. அவர்களோடு ஒரே ஐந்தடிப் பாதையில் கடை வைத்து வாழ்ந்து பழகிய நமக்கும் அம்மொழி நன்கு பொருந்தும். சிரிப்பின் விலையை வணிகன் அறிவான். கடன் கேட்டு நிற்பவனையும், ஒரு மணி நேரம் விலை பேசிவிட்டு வெறுங்கையோடு போகிறவனையும் புன்னகையால் சமாளித்துத்தான் நாம் காலந்தள்ளி வருகிறோம். ஆகவே, சிரிப்புக்கு விரோதமாக நான் பேனா எடுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை எழுதத் தூண்டியது கடையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. பைகள், குடைகள், பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமான்கள் ஆகியவை என் வியாபாரம். பள்ளி விடுமுறையில் ஓர் அம்மையார் தம் மகனுடன் வந்தார். பையனுக்கு ஆறு வயதிருக்கும். தொங்கிக்கொண்டிருந்த சிவப்பு முகமூடியையும், முதுகில் மாட்டிக்கொள்ளும் இரண்டு பிளாஸ்டிக் வாள்களையும் அவன் எடுத்துக்கொண்டான். எடுத்த வேகத்தில் என் கடைப் பையனின் வயிற்றில் ஒரு குத்து! கடைப் பையனும் வியாபாரம் தெரிந்தவன். “ஐயோ” என்று கத்தி, நாக்கை நீட்டிக்கொண்டு சாய்ந்தான். குழந்தை இடுப்பை ஆட்டி ஒரு நடனம் ஆடினான். கடையில் இருந்தவர் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே, “யாரைத் தம்பி கொன்றாய்?” என்று கேட்டேன்.

“யாருமில்ல தாத்தா!” என்றான் அவன்.

“விளையாட்டுத்தானே பாய்” என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார் தாயார். ஆனால் அந்த “யாருமில்ல” என்ற சொல், கடையைப் பூட்டிய பிறகும் என்னை விட்டு அகலவில்லை. குழந்தை பொய் சொல்லவில்லை. என் கடைப் பையன் உடனே எழுந்து நின்று பில் போட்டான். ஆதலால் இறந்தவன் யாருமில்லைதான். ஆயினும் அந்த முகமூடியும் நடனமும் எந்தப் படத்திலிருந்து வந்தனவோ, அந்தப் படத்தில் இறந்தவர்கள் எழுந்திருப்பதில்லை. அங்கேயும் “யாருமில்லை” என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதுவே நான் சிந்திக்க விரும்பும் பொருள்.

நகை பிறக்கும் இடம்

சூப்பர் ஹீரோ என்று வழங்கும் அதிமானிட வீரர்களின் படங்களை நம் இளைஞர் எவரும் அறிவர். பறக்கும் வீரன், இரும்பு உடை அணிந்த வீரன், எத்தனை முறை வெட்டினாலும் உடல் மீண்டும் வளரும் வீரன் எனப் பல வகையினர். இப்படங்களில் சண்டை இருப்பது புதுமையன்று. இடையிடையே ஹாஸ்யம் வருவதும் புதுமையன்று. சண்டை ஓரிடத்தில், சிரிப்பு ஓரிடத்தில் என்று இருந்தவை ஒன்றாகி, தலை உருள்வதே சிரிப்புக்குரிய இடமாகிவிட்டதுதான் கவனிக்கத்தக்கது.

சிரிப்பு எதனால் பிறக்கிறது என்பதை நம் பழந்தமிழ் இலக்கணமே ஆராய்ந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மனித உணர்ச்சிகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுக்கிறது. நகை பிறப்பதற்கு நான்கு காரணங்கள் காட்டுகிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதாவது பரிகாசம், பிள்ளைத்தனம், அறியாமை, வெகுளித்தனம். இந்த நான்கில் மரணம் இல்லை. மரணத்துக்கும் ஓர் இடம் உண்டு. அழுகைக்குரிய நான்கு காரணங்களுள் இழவு ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. இழப்பை எந்தப் பேரேட்டில் எழுத வேண்டும் என்று நம் முன்னோர் தெளிவாகவே எழுதி வைத்தனர்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் இதனையே வேறு விதமாகக் கூறினார். நகைப்புக்குரியது ஒரு குறை அல்லது ஒரு கோணல். ஆனால் அது வலியையும் அழிவையும் விளைவிக்காததாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டால் சிரிக்கிறோம். எழாவிட்டால் ஓடிப்போய்த் தூக்குகிறோம். பிரெஞ்சு அறிஞர் பெர்க்சன், 1900ஆம் ஆண்டில் நகைப்பைப் பற்றி வெளியிட்ட நூலில் மேலும் ஒரு படி சென்றார். சிரிக்கும் கணத்தில் நம் இதயம் சற்றே மரத்துப் போக வேண்டும். இரக்கம் விழித்திருக்கும்போது சிரிப்பு வராது என்பது அவர் கண்ட உண்மை.

பல் பிடுங்கும் வைத்தியர் முதலில் மரத்துப் போகும் ஊசியைப் போடுகிறார்; பிறகு குறட்டை எடுக்கிறார். சிரிப்பு அந்த ஊசி. ஊசி போடுவது குற்றமன்று. ஆனால் ஊசி போட்டுவிட்டு எதைப் பிடுங்குகிறார்கள் என்று கேட்பது நம் உரிமை அல்லவா?

பழைய சரக்கு, புதிய மூட்டை

“இதெல்லாம் இந்தக் காலத்துக் கேடு” என்று சொல்லிவிட்டால் வேலை எளிது, அது உண்மையன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். குலோத்துங்க சோழனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல் அது. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடுகின்றன. பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. உண்டு களித்துக் கூத்தாடுகின்றன. கோரமும் வேடிக்கையும் ஒன்றாய்க் கலந்த காட்சிதான். ஆனால் அந்தக் களிப்பைப் புலவர் யாருக்குக் கொடுத்தார் என்று பாருங்கள். பேய்களுக்குக் கொடுத்தார். பிணத்தின் நடுவே கூத்தாடுவது பேயின் குணம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. இன்றைய படத்தில் அக்கூத்தை ஆடுகிறவன் கதாநாயகன். சரக்கு பழையதுதான், மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டு மாறிவிட்டது.

அமெரிக்கப் படத்தொழிலிலும் இக்கலவை ஒரு முறை பெருங்குழப்பத்தை உண்டாக்கியது. 1984இல் வெளிவந்த ‘கிரெம்லின்ஸ்’ என்ற படமும், அவ்வாண்டே வந்த இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாம் படமும் பிள்ளைகளுக்கான வேடிக்கைப் படங்கள் என்ற எண்ணத்தில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். உள்ளே இருந்த கோரத்தைக் கண்டு புகார் எழுந்தது. அதன் விளைவாகவே 13 வயதுக்குட்பட்டோரின் பெற்றோரை எச்சரிக்கும் ‘பிஜி-13’ என்ற தனி வகை அவ்வாண்டு அந்நாட்டில் பிறந்தது. சிரிப்பும் கோரமும் கலந்தபோது எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் புதுப் பெட்டியே செய்ய வேண்டியதாயிற்று!

குண்டுக்குக் கணக்குண்டு

இன்று இக்கலவைக்குப் பேர்போன பாத்திரம் ‘டெட்பூல்’. என் கடையில் தொங்கிய சிவப்பு முகமூடி அவனுடையதே. 2016இல் வெளிவந்த முதற்படம் சுமார் 5 கோடியே 80 இலட்சம் டாலரில் தயாராகி, உலகெங்கும் 78 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மூன்றாம் படம் 2024இல் 130 கோடி டாலரைத் தாண்டியது. வணிகராகிய நமக்கு இந்தத் தொகையின் பொருள் சொல்லாமலே விளங்கும். இது ஒரு மூலையில் விற்கும் சரக்கன்று; சந்தையின் நடுவில் விற்கும் சரக்கு.

அந்தப் பாத்திரத்துக்கு நியாயம் செய்துவிட்டே மேலே செல்ல வேண்டும். கதைப்படி அவன் புற்றுநோயால் சாகக் கிடந்தவன். வைத்தியர் நாள் குறித்தபோதும் கேலி பேசியவன். நோயைத் தீர்ப்பதாகச் சொல்லிச் சித்திரவதை செய்தவர்களிடமும் கேலியை விடாதவன். முகம் முழுவதும் சிதைந்த பிறகு, அந்த முகத்தையே பரிகசித்துக்கொள்கிறவன். இதைக் கண்டு நான் சிரிக்க வெட்கப்படவில்லை. தன் துன்பத்தைப் பார்த்துத் தானே நகைப்பவன் துன்பத்தைவிடப் பெரியவனாகிறான். முதல் முழுவதும் போய், கடையை மூடிய மறுநாள் காலையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து தன்னையே கேலி செய்துகொண்ட வணிகர்களை நாமும் கண்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பு ஆண்மை. அதற்குத் தலை வணங்கலாம்.

அவனுடைய உடலோ வெட்ட வெட்ட வளர்கிறது. விலங்கிட்ட தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு ஓடுகிறான். கை மீண்டும் முளைக்கிறது. அங்கும் அரிஸ்டாட்டில் சொன்ன நிபந்தனை ஒருவாறு நிறைவேறிவிடுகிறது. அழிவில்லை, ஆகவே சிரிப்பு.

சூட்சுமம் இனிமேல்தான் இருக்கிறது. அவனுக்கு எதிரே நிற்கும் கூலியாட்களுக்குக் கை முளைப்பதில்லை. தலை போனால் போனதுதான். ஆயினும் தன் உடலைக் காட்டி நம்மிடம் வாங்கிய அதே சிரிப்பை, அவர்கள் உடலைக் காட்டியும் வாங்கிக்கொள்கிறான். முளைக்கும் கைக்கும் முளைக்காத தலைக்கும் ஒரே விலைச்சீட்டு! நல்ல அரிசியை மேலே காட்டி, அடியில் வேறு அரிசியை அளந்து போடுவதற்கு நம் தொழிலில் என்ன பெயர் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதற்படத்தின் பாலத்துச் சண்டையில், தன்னிடம் 12 குண்டுகளே இருப்பதாக அறிவித்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே சுடுகிறான். அரங்கம் அதிரச் சிரிப்பு. குண்டு வீணாயிற்றே என்று அவன் வருந்துகிறான்; நாமும் அவனோடு சேர்ந்து வருந்துகிறோம். அந்தக் காட்சியில் குண்டுக்குக் கணக்குண்டு, மனிதனுக்குக் கணக்கில்லை. இதைவிடத் தெளிவாக அந்த வகைப் படங்களின் பேரேட்டை யாரும் திறந்து காட்ட முடியாது.

இரண்டாம் படம் 2018இல் வந்தது. அதன் கதை உண்மையிலேயே உயர்ந்த ஒரு கேள்வியைத் தொடுகிறது. அநாதை விடுதியில் கொடுமைப்பட்ட ஒரு சிறுவன், தன்னை வதைத்த தலைமையாளனைக் கொல்லத் துணிகிறான். முதற்கொலையைச் செய்துவிட்டால் அந்த ருசி அவனை விடாது; அவன் கொடியவனாக வளர்வான் என்பது கதை. அவனை அந்த முதற்கொலையிலிருந்து தடுப்பதற்காக நாயகன் தன் உயிரையே பணயம் வைக்கிறான். பையனும் மனம் மாறுகிறான். என்ன நல்ல இடம்! ஆனால் அடுத்த சில நிமிடங்களில், அந்தத் தலைமையாளன் வீராவேசமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, நாயகனின் நண்பனான இந்திய டாக்சிக்காரன் வண்டியை அவன் மேல் ஏற்றிவிடுகிறான். சிரிப்பு! சிறுவன் செய்தால் ஆன்மாவை அழிக்கும் பாவம். டாக்சிக்காரன் செய்தால் வேடிக்கை. இரண்டு மணி நேரம் கட்டிய வீட்டை ஒரு சிரிப்புக்காக இடித்துவிட்டார்கள். படம் எழுப்பிய கேள்விக்குப் படத்தாலேயே பதில் சொல்ல முடியவில்லை. கொலை அவ்வளவு பெரிய காரியமா, இல்லையா?

ஒரே எலும்பு, இரண்டு விலை

இரத்தம் காட்டுவதுதான் தவறோ என்று சிலர் கேட்கலாம். அன்று. அதற்குச் சான்று ‘லோகன்’. 2017இல் ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கிய இப்படத்தில், உல்வரீன் என்ற வீரனாக ஹியூ ஜாக்மன் நடித்தார். முட்டியிலிருந்து உலோக நகங்கள் நீளும் வீரன் அவன். இங்கே அவன் முதுமையடைந்து, காயம் ஆறாமல், மூக்குக் கண்ணாடியோடு தடுமாறுகிறான். இப்படத்திலும் இரத்தத்துக்குக் குறைவில்லை. ஒரு சிறுமியே கொலை செய்கிறாள். ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் எடை இருக்கிறது. கொன்றவன் அந்தச் சூட்டுக்குறியோடுதான் வாழ வேண்டும் என்பதை, 1953இல் வந்த ‘ஷேன்’ என்ற பழைய படத்தைத் தொலைக்காட்சியில் காட்டி நினைவுபடுத்துகிறார்கள். முடிவில் அவன் இறக்கிறான். சிறுமி அவன் கல்லறையில் நட்ட சிலுவையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறாள். அரங்கில் கண் துடைத்தவர் பலர்.

ஏழாண்டுகள் கழிந்தன. 2024இல் டெட்பூலின் மூன்றாம் படம் தொடங்குவது அதே கல்லறையில். அவன் மண்ணைத் தோண்டுகிறான்; உல்வரீனின் எலும்புக்கூடு வெளிவருகிறது. பிடிக்க வந்த காவலர்களை அந்த எலும்புகளாலேயே குத்தியும் வெட்டியும் கொல்கிறான். பழைய நாட்டியப் பாட்டொன்று ஒலிக்க, அதற்கேற்ப இடுப்பை ஆட்டி ஆடுகிறான். என் கடையில் ஆறு வயதுக் குழந்தை ஆடியது அந்த ஆட்டமே.

அந்தப் படத்தில் நட்பும் தியாகமும் பிற்பகுதியில் வருகின்றன என்பதை மறுக்கவில்லை. நடித்தவர் அதே ஜாக்மன்தான். அவருக்கும் அது சம்மதமே. ஆயினும் கேட்கிறேன்: ஒரே எலும்பு, 2017இல் அதற்குக் கண்ணீர் விலை, 2024இல் சிரிப்பு விலை. முதலில் நம்மிடம் வாங்கிய கண்ணீர் என்னவாயிற்று? அதை இரண்டாம் படம் கேலி செய்கிறது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அதை முதலாகப் போட்டு இலாபம் எடுக்கிறது என்பேன். கண்ணீர் சிந்தியவர்கள் இருந்ததால்தான் அந்தச் சிரிப்புக்கு அவ்வளவு வேகம். ஆனால் காவலர் உடையில் வந்து விழுந்தவர்களுக்காக எவரும் என்றும் கண்ணீர் சிந்தவில்லை. அவர்களுக்கு முதற்படமே இல்லை. அவர்கள் “யாருமில்லை”.

ஒரு படம் மட்டும் இந்த இரகசியத்தைத் தெரிந்தோ தெரியாமலோ உடைத்துக் காட்டிற்று. ஜேம்ஸ் கன் இயக்கி 2021இல் வந்த ‘தி சூசைட் ஸ்குவாட்’ அது. ஒரு கற்பனைத் தீவில், தங்கள் தலைவனை மீட்பதற்காக இரு வீரர்கள் ஒரு முகாமுக்குள் நுழைகின்றனர். யார் விதவிதமாகக் கொல்கிறார் என்று இருவருக்கும் போட்டி. ஒவ்வொரு கொலைக்கும் சிரிப்பு. கடைசிக் கூடாரத்தில் நுழைந்தால், தலைவன் சுகமாக உட்கார்ந்திருக்கிறான். அவனைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் அத்தீவின் விடுதலைப் போராளிகள். வெளியே செத்துக் கிடப்பவர்கள் அந்த நல்லவர்கள்தாம்! ஒரு கணம் அரங்கில் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. இதுவரை யாரைக் கண்டு சிரித்தோம் என்ற கேள்வி எழுகிறது. படம் அந்தக் கேள்வியில் நிற்கவில்லை. அசடு வழியும் முகங்களைக் காட்டி, அதையும் சிரிப்பாக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டது. இருந்தாலும் பேரேடு ஒரு கணம் திறந்தது. விழுந்தவர்கள் யாரோவாக இருந்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டோம்.

இரத்தமில்லாக் கொலை

2010இல் வந்த ‘கிக்-ஆஸ்’ என்ற படத்தில், பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி, குழந்தைகள் நிகழ்ச்சிப் பாட்டொன்று குதூகலமாக ஒலிக்க, ஓர் அறை நிறைந்த மனிதர்களைக் கொன்று குவிக்கிறாள். அப்படத்தின் இரண்டாம் பாகத்தில் நடித்தவர் ஜிம் கேரி. உலகை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர் அவர். நடித்து முடித்த சில வாரங்களில், 2012 டிசம்பர் 14 அன்று, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் ஊரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஒருவன் புகுந்து 20 குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். 2013இல் படம் வெளிவருவதற்கு முன், அந்த அளவு வன்முறையைத் தம் மனச்சாட்சி ஆதரிக்க இடம் தரவில்லை என்று கேரி பகிரங்கமாக அறிவித்தார். தம்முடன் பணியாற்றியவர்களிடம் வருத்தமும் தெரிவித்தார்.

அக்கதையின் மூல ஆசிரியர் மார்க் மில்லர் மறுமொழி கூறினார். அதை நாம் தள்ளிவிடலாகாது. பெரும்பாலான கோடைக்காலப் படங்களில் இரத்தமே இல்லாமல் கூட்டங்கூட்டமாக மனிதர் சாகிறார்கள்; என் கதையிலோ வன்முறையின் விளைவு காட்டப்படுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். முதற்படத்தில் வீரனாக வேடமிட்டு முதன்முறை தெருவில் இறங்கிய பையன் கத்திக்குத்துப் பட்டு, கார் மோதி, ஆஸ்பத்திரியில் கிடப்பது உண்மை.

மில்லர் பாதி நியாயத்தைப் பேசினார். இதனைப் பாருங்கள்: 2017இல் வந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ இரண்டாம் பாகத்தில், யோண்டு என்ற கப்பல் தலைவனுக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள், அவனுக்கு விசுவாசமானவர்களை விண்வெளியில் தள்ளிக் கொல்கிறார்கள். நமக்கு அருவருப்பு உண்டாகிறது. உண்டாக வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் யோண்டு விடுபடுகிறான். சீழ்க்கையால் ஏவும் ஓர் அம்பைக் கொண்டு கப்பலில் உள்ளவர்களை வரிசை வரிசையாகச் சாய்க்கிறான். இனிய காதற்பாட்டு ஒலிக்கிறது. உடல்கள் மழைபோல் விழுகின்றன. மூவர் புன்சிரிப்போடு நடந்து வருகின்றனர். இரத்தம் அநேகமாக இல்லை. ஆகவே அப்படத்துக்குப் பிள்ளைகளும் போகலாம். கொலை ஒன்றே, பாட்டு மாறியதும் நம் இதயமும் மாறிவிட்டது.

சிங்கப்பூரில் படங்களை ஆறு வகையாகப் பிரித்து வயது குறிக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடே. ஆனால் அந்த அளவுகோல் இரத்தத்தை அளக்கிறது, ஆபாசத்தை அளக்கிறது. சிரிப்பு எந்த மனிதனின் எடையைக் குறைத்தது என்று எந்தத் தராசும் அளப்பதில்லை. அந்த வேலை நமக்கென்று விடப்பட்டிருக்கிறது. மேலும், தியேட்டர் வாசலில் வயது கேட்பார்கள். கைப்பேசியில் துண்டு துண்டாக வரும் காட்சிக்கு வாசலும் இல்லை, வாயிற்காப்போனும் இல்லை. அந்த ஆறு வயதுக் குழந்தை படத்தைப் பார்த்திருக்க மாட்டான். நடனத்தை மட்டும் பார்த்திருப்பான்.

கேட்கிறவன் இருக்கிறான்

இதையெல்லாம் கல்லூரியில் படிக்கும் என் மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, “அத்தா, இது நிஜமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இரத்தம் பீய்ச்சியடிப்பதே நிஜமில்லை என்று காட்டத்தான். பூனையும் எலியும் அடித்துக்கொள்ளும் கார்ட்டூனைப் பார்த்து நீங்கள் சிரிக்கவில்லையா? இவற்றைப் பார்த்த கோடிக்கணக்கானவர்கள் யாரையாவது கொன்றார்களா?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. படம் பார்த்தவன் கொலைகாரனாகிறான் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பூனை நசுங்கித் தாளாகி மறுகணம் எழுந்து ஓடுகிறது. அங்கே இறந்தவர் இல்லை என்பது உண்மை. இங்கே இறந்தவனை இறந்தவனாகவே வைத்துக்கொண்டு, அவனை யாருமில்லை என்று சொல்லச் சொல்கிறார்கள். இந்தப் பழக்கம் கொலையில் போய் முடியாது. அதைவிடச் சிறிய இடங்களில் முடியும். பள்ளிக்கூடத்தில் ஒருவனைச் சுற்றி நின்று அடிக்கும்போது, உதவி செய்யாமல் கைப்பேசியில் படம் பிடித்துச் சிரிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். விபத்தில் சிக்கியவனின் காட்சிக்கு வேடிக்கைப் பாட்டைச் சேர்த்து அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் சினிமாவால் கெட்டார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் செய்வதும் அதே காரியம்: எதிரே கிடப்பவனை யாருமில்லை ஆக்கிவிட்டுச் சிரிப்பது.

கடைசியாக என் மகன் ஒன்று கேட்டான்: “அப்படியானால் அந்த முகமூடியை ஏன் விற்கிறீர்கள்?”

உடனே என் வாயில் வந்த பதில், “கேட்கிறவன் இருக்கிறான், விற்கிறேன்” என்பது. சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. படத் தயாரிப்பாளரைக் கேட்டாலும் இதே பதிலைத்தானே சொல்வார்? பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்திய படத்தின் முகமூடியை, நான்கு வயது முதல் பத்து வயது வரை அளவு பிரித்துத் தொங்கவிட்டவன் நான். மூன்று ஆண்டுகளில் எத்தனை டஜன் விற்றேன் என்று என் சரக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே, அமெரிக்காவில் இருக்கும் எவரையோ கண்டித்து எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், தகுதியில்லை என்பதே பதில். பங்காளியாக இருந்து எழுதுகிறேன்.

வணிக நண்பர்களே! பிள்ளைகளைத் தடுத்து வைத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள், தடுத்தது இனிக்கும். பதினெட்டு வயது நிறைந்தவன் அப்படங்களைப் பார்த்துச் சிரித்தால் அவனைக் கெட்டவன் என்று முத்திரை குத்தவும் வேண்டாம். அவற்றில் திறமையும் உண்டு, அன்பும் உண்டு. உடன் உட்காருங்கள். சிரிப்பு வரும் இடத்தில் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “இப்போது விழுந்தானே, அவன் யார்?” பதில் தெரியாமற் போகலாம். கேள்வி கேட்டதே போதும். மரத்துப் போன இடத்தில் உணர்ச்சி திரும்பும்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வராத கடனையும் பேரேட்டிலிருந்து உடனே அடித்துவிடுவதில்லை. அந்த ஆசாமி ஊரைவிட்டே போயிருக்கலாம். பணம் ஒருநாளும் வராது என்பது தெரிந்திருக்கலாம். இருந்தாலும் பெயர் இருக்கும். வருஷக் கணக்கு முடிக்கும்போது அந்தப் பெயரை ஒரு தடவை படித்துவிட்டே அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். ஒரு மூட்டை சீனிக்குக் கடன்பட்டவனுக்கே பேரேட்டில் இடம் கொடுக்கும் நாம், திரையில் விழுகிற மனிதனுக்கு ஒரு வரி கொடுக்கலாகாதா?

அந்த முகமூடிக்கு நான் மறு ஆர்டர் கொடுக்கவில்லை. இதனால் உலகம் திருந்திவிடாது. பக்கத்துக் கடையில் கிடைக்கிறது. எஞ்சிய ஒரு பெட்டி மேல்தட்டில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கடைப் பையன் மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்துவிட்டு, “முதலாளி, நான் செத்த பெட்டி” என்று சொல்லிச் சிரிக்கிறான். நானும் சிரிக்கிறேன். அவன் உயிரோடு நின்று சொல்வதால் அந்தச் சிரிப்பில் கலப்படமில்லை.